பெயர் எழுதப்படாத சான்றிதழ்கள்: போக்கிமான் அட்டை விளையாட்டின் தொடக்ககாலப் பரிசு அட்டைகளும் போட்டிகளும், 1996–1999

2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம் துபாயில் ஓர் அட்டை கைமாறியது. அமெரிக்க யூடியூபர் லோகன் பால் ‘பிக்காச்சு இல்லஸ்ட்ரேட்டர்’ என்னும் அந்த ஒற்றை அட்டைக்காக 40 இலட்சம் டாலர் பணத்தையும், 12.75 இலட்சம் டாலர் என்று மதிப்புப் போடப்பட்ட, அதே அட்டையின் சற்றுத் தரம் குறைந்த இன்னொரு பிரதியையும் கொடுத்தார். தனிப்பட்ட விற்பனையில் ஒரு போக்கிமான் அட்டைக்குக் கிடைத்த மிக உயர்ந்த விலை என்று கின்னஸ் அதைப் பதிவு செய்தது. விலை பற்றிய செய்தி உலகம் முழுவதும் பரவிய வேகத்தில், அந்த அட்டை எதற்காக அச்சடிக்கப்பட்டது என்ற செய்தி பரவவில்லை. அது எந்தக் கடையிலும் விற்கப்பட்டதில்லை. 1997, 1998 ஆண்டுகளில் ஜப்பானியச் சிறுவர் இதழ் ஒன்று நடத்திய ஓவியப் போட்டிகளில் தேர்வு பெற்றவர்களுக்கு அஞ்சலில் அனுப்பப்பட்ட பாராட்டுப் பத்திரம் அது.

இந்த நிகழ்வு ஆய்வு 1996 இலையுதிர்காலம் முதல் 1999 கோடைகாலம் வரையிலான மூன்று ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்தக் காலத்தில் போக்கிமான் அட்டை விளையாட்டை நடத்தியவர்கள் விளம்பர அட்டைகளையும் பரிசு அட்டைகளையும் எப்படிப் பயன்படுத்தினார்கள், அவை எந்த வேலைக்காக உருவாக்கப்பட்டன, அந்த வேலை முடிந்தபின் அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பவையே இங்கே பார்க்கப்படுகின்றன. அபூர்வமாக இருப்பதால்தான் இவற்றுக்கு விலை வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மையில் பாதிதான். ஒரு செயலுக்கான சான்றாக அச்சடிக்கப்பட்டும், செய்தவரின் பெயரைத் தாங்காமல் வெளியே வந்ததுதான் இவற்றின் பிற்கால வாழ்க்கையை முடிவு செய்தது என்பது என் கருத்து.

இருபது மியூக்களும் ஒரு மாத இதழும்

கதை அட்டைகளுக்கு முன்பே தொடங்குகிறது. கேம் பாய் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிக்கான முதல் போக்கிமான் விளையாட்டுகள் 1996 பிப்ரவரி 27-ஆம் தேதி ஜப்பானில் வெளிவந்தன. அவற்றின் நிரலுக்குள், விளையாடுபவர் யாரும் முறையாக அடைய முடியாதபடி, மியூ என்னும் உயிரி ஒளிந்திருந்தது. பிழைதிருத்தக் கருவிகளை நீக்கியபின் மிஞ்சிய சுமார் 300 பைட் இடத்தில் நிரலாளர் ஷிகேகி மொரிமோட்டோ கடைசி நேரத்தில் சேர்த்தது அது. அப்படி ஒன்று இருக்கிறது என்ற வதந்தி பள்ளிகளில் பரவியபோது, ஷோகாகுகான் பதிப்பகத்தின் ‘கோரோகோரோ காமிக்’ மாத இதழ் அதைக் குலுக்கல் பரிசாக அறிவித்தது. இருபது பேருக்கு மட்டுமே கிடைக்கும் என்று சொல்லப்பட்ட அந்தப் பரிசுக்கு சுமார் 78,000 விண்ணப்பங்கள் வந்தன. கடைகளில் மந்தமாகத் தொடங்கியிருந்த விற்பனை இதற்குப் பிறகு ஏறத் தொடங்கியது.

அந்த இருபது பேருக்கும் கிடைத்தது காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று. அதைப் பற்றிப் பேசியவர்களோ எண்ணற்றோர். இந்தக் கணக்கை அட்டை விளையாட்டை நடத்தியவர்கள் மறக்கவில்லை.

அட்டை விளையாட்டு அதே ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி வெளிவந்தது. வடிவமைப்பு கிரீச்சர்ஸ் நிறுவனத்தினுடையது; வெளியீடு மீடியா ஃபாக்டரி என்னும் பதிப்பு நிறுவனத்தினுடையது. கிரீச்சர்ஸின் தலைவர் சுனெகாசு இஷிஹாரா, 1993-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘மேஜிக்: தி கேதரிங்’ விளையாட்டில் ஈடுபாடு கொண்டவர். ஆனால் மேஜிக்கை வாங்கியவர்கள் பெரும்பாலும் வளர்ந்த இளைஞர்கள். போக்கிமானுக்குக் காத்திருந்தவர்கள் தொடக்கப்பள்ளி மாணவர்கள். அறுபது அட்டைகளைக் கட்டாகச் சேர்த்து, ஆற்றல் அட்டைகளைப் பொருத்தி, ஆட்டத்துக்குள்ளேயே ‘பரிசு’ எனப்படும் ஆறு அட்டைகளை எதிராளி முடிப்பதற்கு முன்பே எடுத்துமுடிப்பது போன்ற விதிகளை எட்டு வயதுக் குழந்தைக்கு யார் சொல்லித்தருவது? அந்த வேலைக்கு இதழ்தான் இருந்தது.

கோரோகோரோவின் 1996 நவம்பர் இதழ், ஜப்பானிய இதழ்களின் வழக்கப்படி, அட்டைக் கட்டுகள் கடைக்கு வருவதற்குச் சில நாள் முன்பே வெளியாகிவிட்டது. அதனுடன் பிக்காச்சு, ஜிக்ளிபஃப் ஆகிய இரண்டின் அட்டைகள் இணைப்பாக வந்தன. இந்த விளையாட்டின் முதல் விளம்பர அட்டைகள் இவையே. இவற்றில் கவனிக்க வேண்டியது, இரண்டும் ஆட்டத்தில் இறக்கக்கூடிய முழுமையான அட்டைகள் என்பது. அலங்காரத்துக்காகவோ அலமாரிக்காகவோ அவை தரப்படவில்லை. இதழை வாங்கிய குழந்தையின் கையில் இரண்டு அட்டைகள் ஏற்கெனவே இருக்கும். மீதி ஐம்பத்தெட்டைத் தேடிக் கடைக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. விளம்பர அட்டை என்ற சொல்லுக்கு மிக நேரான பொருள் இதுதான்.

இதே வழியில் 1998-இல் நடந்த ஒரு முயற்சி, என் பார்வையில், இந்தக் காலத்தின் மிக நுட்பமான விளம்பரம். கேம் பாய் விளையாட்டில் கடாப்ரா, ஹாண்டர் போன்ற சில உயிரிகள் தனியாக வைத்து வளர்த்தால் முழு வளர்ச்சி அடையா. இன்னொருவருக்கு மாற்றிக்கொடுத்தால்தான் அலகசாமாகவும் கெங்காராகவும் மாறும். அட்டை விளையாட்டை நடத்தியவர்கள் இதை அஞ்சல்துறையைக் கொண்டு செய்துகாட்டினார்கள். தானியங்கி விற்பனைப் பெட்டிகளில் தாள்களாக விற்கப்பட்ட அட்டைகளை ஒட்டி நடந்த இந்த இயக்கத்தில், குறிப்பிட்ட அட்டையை உறையிலிட்டு அனுப்பியவர்களுக்கு அதன் வளர்ந்த வடிவம் அட்டையாகத் திரும்பி வந்தது. விளையாட்டில் வரும் மசாகி என்ற பாத்திரத்தின் பெயராலேயே சேகரிப்பாளர்கள் இன்றும் அந்த அட்டைகளைக் குறிப்பிடுகிறார்கள். கையிலிருப்பதை நம்பி அனுப்பிவிட்டு, தபால்காரருக்காகக் காத்திருந்து, மாறி வந்ததைப் பிரித்துப் பார்க்கும் அனுபவத்தையே விளம்பரமாக்கியிருக்கிறார்கள்.

மகுஹாரி, 1997 ஜூன்

தொலைக்காட்சித் தொடர் 1997 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கியது. ‘ஜங்கிள்’ என்னும் இரண்டாம் அட்டைத் தொகுப்பு மார்ச்சில் வந்திருந்தது. ‘ஃபாசில்’ என்னும் மூன்றாவது தொகுப்பு ஜூன் 21-ஆம் தேதி வரவிருந்தது. இந்த இரண்டு வெளியீடுகளுக்கும் இடையில், ஜூன் மாதத்தின் நடுவில், சிபா மாநிலத்தின் மகுஹாரி மெஸ்ஸே கண்காட்சி அரங்கில் முதல் அதிகாரபூர்வப் போட்டி நடைபெற்றது.

அந்தக் காலத்து ஆட்டம் இன்றைய ஆட்டத்தைவிட முரட்டுத்தனமானது. பேராசிரியர் ஓக்கின் அட்டையை இறக்கினால் கையிலுள்ள அனைத்தையும் எறிந்துவிட்டுப் புதிதாக ஏழு அட்டைகள் எடுக்கலாம். ஒரே முறையில் அப்படி உதவும் ‘பயிற்சியாளர்’ வகை அட்டைகளை எத்தனை வேண்டுமானாலும் இறக்கலாம். எதிராளியின் ஆற்றலைப் பிடுங்கும் அட்டைகள் தாராளமாகக் கிடைத்தன. வளர்த்தெடுக்க நேரம் பிடிக்கும் பெரிய உயிரிகளைக் காட்டிலும், வந்தவுடன் அடிக்கத் தொடங்கும் ஹிட்மோன்சான், எலெக்டபஸ் போன்றவை மேசையில் வலிமையாக இருந்தன. நாணயம் சுண்டுவதில் பலவும் தீர்மானமாயின. இதனால் நல்ல கட்டு வைத்திருந்த எந்தச் சிறுவனுக்கும் வெற்றி எட்டாத தூரத்தில் இருக்கவில்லை. போட்டி ஒரு திருவிழாவாக அமைந்ததற்கு இந்தத் தளர்வும் ஒரு காரணம்.

வென்றவர்களுக்குத் தரப்பட்டது பணமன்று. விற்பனைப் பொருளோடு தொடர்புடைய பரிசுகளின் மதிப்புக்கு ஜப்பானில் 1962-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. சிறுவர்களுக்கான போட்டியில் பெருந்தொகை தருவது எப்படியும் முகம் சுளிக்க வைக்கும். கோப்பையைக் கையில் பிடித்திருக்கும் பிக்காச்சுவின் படம் போட்ட அட்டைகள் தரப்பட்டன. முதலிடத்துக்குப் பொன்னிறக் கோப்பை, இரண்டாம் இடத்துக்கு வெள்ளி, மூன்றாம் இடத்துக்கு வெண்கலம். வரைந்தவர் மிட்சுஹிரோ அரிதா. முதல் தொகுப்பின் புகழ்பெற்ற சாரிசார்டை வரைந்தவரும் அவரே. மேலே ‘எண் 1 பயிற்சியாளர்’, ‘எண் 2 பயிற்சியாளர்’ என்று தலைப்பு. கீழே ஆட்டத்தில் செயல்படும் விதி எதுவும் இல்லை.

விதி இருக்க வேண்டிய இடத்தில் இருந்த வாசகத்தைத்தான் நிறுத்தி வாசிக்க வேண்டும். அதிகாரபூர்வப் போட்டியில் இவர் பெற்ற சிறப்பை அங்கீகரித்துப் பாராட்டுகிறோம் என்று அது தொடங்குகிறது. அடுத்து, இந்த அட்டையைக் காட்டினால் அதிகாரபூர்வப் போட்டியில் முன்னுரிமையுடன் சேர்ந்துகொள்ளலாம் என்கிறது. ஒரே சிறு செவ்வகத்தில் பாராட்டுப் பத்திரமும் நுழைவுச் சீட்டும் சேர்ந்திருக்கின்றன. வென்றவர் அதைச் சட்டமிட்டு மாட்டிவிடாமல், அடுத்த போட்டிக்கு எடுத்துக்கொண்டு வர வேண்டும். வாசலில் நிற்கும் மற்றச் சிறுவர்கள் அதைப் பார்க்க வேண்டும். போட்டிகளை ஒன்றோடொன்று கோக்கும் நூலாக அட்டையைப் பயன்படுத்திய இந்த யோசனையை நான் வியக்கிறேன்.

ஆனால் அதே வாசகத்தில் ஒரு வெற்றிடமும் இருந்தது. யார் வென்றார் என்று அட்டை சொல்லவில்லை. கொண்டுவருபவருக்குப் பணம் தரச் சொல்லும் காசோலையைப் போல, அதைக் காட்டுபவர் எவரோ அவரே உரிமையாளர். பன்னிரண்டு வயதுச் சிறுவன் தன் அட்டையைக் கொண்டு வருவான் என்று நம்பிய அமைப்பாளர்களுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1997-இல் அந்த அட்டையை வாங்க யார் இருந்தார்கள்?

தொடர்ந்து லிசார்டன் மெகா பேட்டில், காமெக்ஸ் மெகா பேட்டில் என்று, சாரிசார்டுக்கும் பிளாஸ்டாய்ஸுக்கும் ஜப்பானில் வழங்கும் பெயர்களைச் சூட்டிய போட்டிகள் நடந்தன.

பேனாச் சின்னம் போட்ட அட்டை

ஓவியப் போட்டிகளின் அட்டை இதே மரபில் வந்தது. கோரோகோரோ மூன்று போட்டிகளை நடத்தியது; அட்டைக்கான படத்தை வாசகர்களே வரைந்து அனுப்ப வேண்டும். தேர்வு பெற்றவர்களுக்கு வழங்கப்பட்டவை மொத்தம் 39 அட்டைகள். பின்னர் 2020-இல் மேலும் இரண்டு வெளிச்சத்துக்கு வந்தன.

அட்டையின் நடுவில் வரைகருவிகளோடு நிற்கும் பிக்காச்சுவை வரைந்தவர் அட்சுகோ நிஷிதா. பிக்காச்சுவின் உருவத்தை முதன்முதலில் வடிவமைத்தவரே அவர்தான் என்பதால், சிறுவர் ஓவியர்களுக்கான பத்திரத்தில் அவர் கையெழுத்தைப் போல அந்தப் படம் அமைந்துவிடுகிறது. வழக்கமாகப் ‘பயிற்சியாளர்’ என்று இருக்கும் தலைப்பிடத்தில் ‘இல்லஸ்ட்ரேட்டர்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கிறது. வேறு எந்தப் போக்கிமான் அட்டையிலும் இந்தத் தலைப்பு இல்லை. தொகுப்பின் அடையாளக் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பேனாவின் சின்னம். வாசகம், ‘உங்கள் ஓவியம் போட்டியில் சிறந்த படைப்பாகத் தேர்வாகியிருக்கிறது, ஆகவே உங்களை அதிகாரபூர்வ போக்கிமான் அட்டை ஓவியராக அங்கீகரித்து உங்கள் திறமையைப் பாராட்டுகிறோம்’ என்ற பொருளில் அமைந்தது.

‘உங்கள்’ என்று விளிக்கும் அந்த வாசகம் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. மகுஹாரியின் அட்டையைவிட இங்கே இந்த விடுபடல் இன்னும் விநோதமானது. போட்டியில் வெல்வது பலரும் செய்யக்கூடியது. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஓவியத்தை வரைந்தவர் ஒருவர்தான் இருக்க முடியும். ‘உங்கள் ஓவியம்’ என்று பாராட்டும் அட்டையை இன்று வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் எந்த ஓவியத்தையும் வரைந்தவர்கள்? லோகன் பால் 2022 ஏப்ரலில் அதை ஒரு பதக்கத்தில் பொருத்திக் கழுத்தில் அணிந்துகொண்டு மல்யுத்த மேடைக்கு வந்தார். அட்டை அவரையும் அதிகாரபூர்வ ஓவியராகத்தான் அங்கீகரித்துக்கொண்டிருந்தது.

பெயரை அச்சடிக்காததற்கு நடைமுறைக் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. ஒரே தகட்டில் எல்லாப் பிரதிகளையும் அச்சடிப்பது எளிது. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பெயர் போடுவது தொல்லை. மேலும் அது ‘அட்டையாக’ இருக்க வேண்டும் என்பது முக்கியம். பின்பக்கம் மற்ற அட்டைகளின் பின்பக்கமேதான். அளவும் அதே அளவு. குழந்தைக்குப் பள்ளியில் கிடைக்கும் காகிதச் சான்றிதழைவிட, தான் தினமும் கையாளும் பொருளின் வடிவிலேயே வந்த பாராட்டு எவ்வளவு மகிழ்ச்சி தந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அந்த மகிழ்ச்சியைத் தந்த வடிவம்தான் அதைக் கைமாற்றத்தக்க பொருளாகவும் ஆக்கியது.

பெற்றோரும் பிள்ளையும்

1998-இல் நடந்த பெற்றோர்–பிள்ளை மெகா பேட்டில் வேறு வகை. பிள்ளையும் பெற்றோரில் ஒருவரும் ஓர் அணியாகச் சேர்ந்து ஆட வேண்டும். போதுமான வெற்றிகளைப் பெற்ற அணிக்கு, வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் காங்கஸ்கானின் சிறப்பு அட்டை கிடைத்தது. இந்த உயிரியைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கும் பொருத்தம் வெளிப்படை. அட்டைகளுக்குப் பணம் கொடுப்பவர் பெற்றோர். விதி தெரிந்தவர் பிள்ளை. பணம் கொடுப்பவரை மேசையில் உட்காரவைத்து, பிள்ளையிடம் பாடம் கேட்க வைத்தது அந்தப் போட்டி. வணிகக் கணக்கு உள்ளே இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தந்தைக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்து அவரோடு சேர்ந்து வென்ற ஒரு பிற்பகலை அந்த அட்டை குறித்தது என்பதும் அதே அளவு உண்மை. 2020 அக்டோபரில் அதன் ஒரு பிரதி ஏலத்தில் 1,50,100 டாலருக்குப் போனது.

அதே ஆண்டில் ஷோகாகுகானின் பள்ளி வகுப்பு இதழ்கள் வழியாக நடந்த ‘தமாமுஷி பல்கலைக்கழக’த் தேர்வையும் சொல்லியாக வேண்டும். விளையாட்டுலகின் ஒரு நகரத்தின் பெயரில் கற்பனையாக நிறுவப்பட்ட இந்தப் பல்கலைக்கழகம், அட்டை விளையாட்டைப் பற்றிய வினாத்தாளை இதழில் அச்சடித்து, விடைகளை அஞ்சலில் பெற்றது. சிறந்த மதிப்பெண் பெற்ற ஆயிரம் பேருக்குக் கிடைத்தது மேஜிகார்ப் அட்டை. போக்கிமான் உலகிலேயே ஒன்றுக்கும் உதவாத, தரையில் துள்ளுவதைத் தவிர வேறொன்றும் அறியாத மீன் அது. மிக அதிகம் அறிந்த மாணவர்களுக்கு மிகப் பலவீனமான உயிரியைப் பரிசாகத் தந்த குறும்பு யாருடையதோ, அவர் குழந்தைகளை நன்றாக அறிந்தவர். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் புரியும் நகைச்சுவையைப் பகிர்ந்துகொள்வதே அங்கே பட்டமளிப்பு.

இவற்றுக்கு நேர்மாறான வகை, யார் வேண்டுமானாலும் பெறக்கூடியது. 1999 ஜூலை 17-ஆம் தேதி வெளியான இரண்டாவது போக்கிமான் திரைப்படத்தோடு வழங்கப்பட்ட ‘பண்டைய மியூ’ அட்டையில், புரியாத எழுத்துகள் நிறைந்த, முழுக்க மின்னும் பரப்பு. ஓரத்தில் உரிமை வாசகத்தில் ‘நிண்டெண்டோ’ என்ற பெயரிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அச்சுப்பிழைகளைத் துரத்தும் சேகரிப்பாளர்களுக்கு அது விருந்துதான். ஆனாலும் அந்த அட்டை பெருந்தொகைக்குப் போவதில்லை. எண்ணிக்கை அதிகம் என்பது ஒரு காரணம். திரையரங்குக்குப் போனதைத் தவிர வேறெதையும் அது சான்று சொல்வதில்லை என்பது இன்னொன்று.

டோக்கியோ டோம், 1999 ஆகஸ்ட் 26

ஒப்பீட்டுக்காக வேறொரு விளையாட்டை இங்கே கொண்டுவர வேண்டியிருக்கிறது. கொனாமி நிறுவனம் 1999 பிப்ரவரியில் தன் யூகியோ அட்டை விளையாட்டைத் தொடங்கியது. ஆறே மாதத்தில், ஆகஸ்ட் 26-ஆம் தேதி, டோக்கியோ டோம் அரங்கில் பெரும் போட்டி விழாவை நடத்தியது. துருப்பிடிக்காத எஃகில் செய்யப்பட்ட ‘கருங்கதிர்ப் போர்வீரன்’ அட்டை அந்த முதல் பெரும்போட்டியின் பரிசு. அதோடு நின்றிருந்தால் மகுஹாரியின் மரபிலேயே அது சேர்ந்திருக்கும்.

விழாவின் இன்னொரு ஈர்ப்பு, அங்கே மட்டும் விற்கப்படவிருந்த சிறப்பு அட்டைகள். சுமார் 55,000 பேர் திரண்டார்கள். பெற்றோரோடு வந்த சிறுவர்கள் நீண்ட வரிசைகளில் காத்திருந்தார்கள். நெரிசல் கட்டுக்கு மீறியதால் விற்பனை இடையில் நிறுத்தப்பட்டது, காத்திருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், கலவரத் தடுப்புக் காவலர்கள் வரவழைக்கப்பட்டார்கள்.

இந்தச் சம்பவத்தைக் கூட்ட மேலாண்மைத் தோல்வி என்று மட்டும் எழுதிவிடுவது எளிது. எனக்குத் தோன்றுவது வேறு. வெற்றிக்குச் சான்றாகத் தரும் அட்டைக்காக யாரும் வரிசையில் முண்டியடிக்க முடியாது. ஆடி வெல்ல வேண்டும், அல்லது வரைந்து அனுப்ப வேண்டும், அல்லது வினாத்தாளோடு மல்லுக்கட்ட வேண்டும். இந்த இடத்தில் இந்த நாளில் மட்டும் விற்கப்படும் அட்டைக்கோ, முன்னால் நிற்பது ஒன்றே தகுதி. தகுதி முன்னால் நிற்பதாக இருக்கும்போது எல்லோரும் முன்னால் நிற்கத்தான் பார்ப்பார்கள். அன்று கூடியவர்களில் பெரும்பாலோருக்குப் போட்டி ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது.

அதே மாதம் போக்கிமான் தரப்பில் நடந்தவை அளவில் சிறியவை. வட்டாரப் போட்டிகளில் வென்றவர்களை மட்டும் அழைத்து, இடத்தைப் பொதுவில் அறிவிக்காமல், டோக்கியோவில் ‘இரகசிய சூப்பர் பேட்டில்’ நடத்தப்பட்டது. மியூட்டூவின் படம் போட்ட, மின்னும் ‘எண் 1 பயிற்சியாளர்’ அட்டை அதற்கான அழைப்பாகப் பயன்பட்டது. வட்டார வெற்றியின் சான்றும் இறுதிப் போட்டியின் அனுமதியும் அதில் ஒன்றாகவே இருந்தன. ஹவாயில் பல நாட்டு ஆட்டக்காரர்கள் கூடிய ‘டிராபிகல் மெகா பேட்டில்’ நிகழ்வும் அந்தக் கோடையில்தான் நடந்தது. ஜப்பானிய இதழ் வாசகர் வட்டத்துக்குள் சுழன்ற ஒரு வழக்கம் அங்கிருந்து பன்னாட்டுப் போட்டி முறையாக வளர்ந்தது. அந்த வளர்ச்சி இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே போகிறது.

பிளாஸ்டிக் உறைக்குள் போன பிறகு

இருபது ஆண்டுகள் கழித்து இந்த அட்டைகளுக்கு நேர்ந்ததைச் சில விலைகள் காட்டும். பிக்காச்சு இல்லஸ்ட்ரேட்டரின் ஒரு பிரதி 2016 நவம்பரில் 54,970 டாலருக்கு ஏலம் போனது. பத்துக்கு ஏழு தரம் பெற்ற ஒரு பிரதி 2021 பிப்ரவரியில் 3,75,000 டாலர்; அதே தரத்தில் ஒரு பிரதி ஓராண்டு கழித்து 9,00,000 டாலர். கொரோனா முடக்கக் காலத்தில் வீட்டிலிருந்த பழைய அட்டைகளைத் தேடியெடுத்தவர்களின் எண்ணிக்கையும், கையில் பணம் வைத்திருந்த முப்பது வயதுக்காரர்களின் எண்ணிக்கையும் சேர்ந்து உயர்ந்த காலம் அது.

இந்த விலைகளைத் தீர்மானிப்பவர்கள் தரம் பிரிக்கும் நிறுவனங்கள். அட்டையின் ஓரங்கள், மூலைகள், மேற்பரப்பு, அச்சு நடுநிலை ஆகியவற்றைப் பார்த்து ஒன்று முதல் பத்து வரை மதிப்பிட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருவார்கள். இங்கே ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. மகுஹாரியின் பரிசு அட்டை அடுத்த போட்டியின் வாசலில் எடுத்து நீட்டப்பட வேண்டிய பொருள். சட்டைப் பையில் இருந்து வெளியே வந்து, மேசையில் வைக்கப்பட்டு, நண்பர்களின் விரல்களில் சுற்றி, மூலை மழுங்கியிருந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள். சந்தை அப்படிப்பட்ட பிரதிக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது. யாரும் தொடாத பிரதிக்குப் பத்து தருகிறது. கண்ணாடி போன்ற அந்த உறையின் மேலுள்ள சீட்டில் ஆண்டு, தொகுப்பு, தர எண் எல்லாம் இருக்கின்றன. வென்ற சிறுவனின் பெயருக்கு அங்கேயும் இடமில்லை.

யாருடையது என்று அட்டையே சொல்லாததன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பது, பரிசு அட்டைகள் அல்லாத வேறொரு வகையில், 2025 தொடக்கத்தில் தெரியவந்தது. அட்டை விளையாட்டு வெளிவருவதற்கு முன், உருவாக்கக் கட்டத்தில் சோதனைக்காக அச்சடிக்கப்பட்டவை என்ற பெயரில் முன்மாதிரி அட்டைகள் 2024-இல் சந்தைக்கு வந்திருந்தன. ஒரு தரச்சான்று நிறுவனம் அவற்றை ஏற்று உறையிட்டும் கொடுத்தது. 1996-ஐச் சேர்ந்தவை என்று நம்பி வாங்கியவர்கள் பெருந்தொகை செலவிட்டார்கள். சேகரிப்பாளர்கள் சிலர் அவற்றின் உயர்தெளிவுப் படங்களை எடுத்து, நீல நிறக் கூறை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, வெறும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகள் வரிசையாக இருப்பது தென்பட்டது. பல வண்ண லேசர் அச்சுப்பொறிகள் தாம் அச்சடிக்கும் ஒவ்வொரு தாளிலும் தம் வரிசை எண்ணையும் நாளையும் இப்படிப் புள்ளிகளாகப் பதிக்கின்றன. கள்ளநோட்டைத் தடுப்பதற்காகத் தோன்றிய ஏற்பாடு அது. சில அட்டைகளின் புள்ளிகளைக் கூட்டிப் படித்தபோது வந்த ஆண்டு 2024.

பரிசு அட்டைகளைப் போலன்றி முன்மாதிரி அட்டைகளுக்குப் போட்டிப் பட்டியலோ இதழ் அறிவிப்போ கிடையாது. அவற்றின் தொன்மைக்கு இருந்த ஒரே ஆதாரம், அவை யாரிடமிருந்து வந்தன என்ற வாய்மொழி மட்டுமே. இல்லஸ்ட்ரேட்டருக்கோ மகுஹாரி அட்டைக்கோ குறைந்தபட்சம் எதிரே வைத்துப் பார்க்கப் பழைய இதழ்கள் இருக்கின்றன: எப்போது அறிவிக்கப்பட்டது, எதற்காக, எப்படிப்பட்ட பரிசு என்பதெல்லாம் அந்த மாதப் பக்கங்களில் அச்சாகியிருக்கிறது. ஏலக் குறிப்புகளில் இன்று அட்டையின் படத்தோடு அந்தப் பழைய கோரோகோரோ பக்கங்களின் படங்களும் இடம்பெறத் தொடங்கியிருப்பதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். உடன் வந்த கடிதம், அஞ்சல் உறை, பரிசளிப்பின்போது எடுத்த புகைப்படம் ஆகியவற்றையும் சேர்த்து விற்பவருக்கு வாங்குபவர்கள் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். அட்டையில் அச்சிடாமல் விட்ட பெயரை இந்தத் துணைக் காகிதங்களிலிருந்துதான் இப்போது தேடி எடுக்கிறார்கள்.